கதவுக்குத்தான் லைசென்ஸ்

ஜொகூரின் கெலாங் பாத்தாவில் ரொட்டி சானாய் வீச வேண்டுமென்றால் முதலில் வகுப்பில் போய் உட்கார வேண்டும். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறை அப்படிச் சொல்கிறது. பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். நியாயம்தான், நாலு பேர் வயிற்றுக்குள் போகிற மாவு. அந்தக் கடைக்கு இரண்டு கடை தள்ளி மாடிப்படி ஏறினால், மாவு கிடக்கிற இடத்தில் உங்கள் முதுகு கிடக்கும். அதைப் பிசைகிற கை போன மாதம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது, யாரிடம் கற்றது, நரம்பு எது நாளம் எது என்று அதற்குத் தெரியுமா என்று கேட்க இந்த ஊரில் நாதி இல்லை. மாவுக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லையே என்று வருத்தப்படாதீர்கள். மாவு கெட்டால் பத்துப் பேர் வாந்தி எடுப்பார்கள், செய்தி வரும். உங்கள் கழுத்து கெட்டால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

1998இல் சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் திறந்த நாளிலிருந்தே இது முதுகுகளின் ஊர். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் துவாஸ் பக்கம் கிளம்பி, நாள் முழுக்க நின்று உழைத்து, இரவில் திரும்புகிற முதுகுகள். தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக் கொள்கலன் லோரி ஓட்டி மரத்துப்போன இடுப்புகள். லெகோலேண்டில் பிள்ளைகளைச் சுமந்து இற்றுப்போன தோள்கள். ஒரு வெள்ளியை மூன்று ரிங்கிட்டுக்கு மேல் மாற்றிக்கொண்டு வார இறுதியில் வந்திறங்கும் சிங்கப்பூர்க் கழுத்துகள். 2013 பொதுத்தேர்தலில் இந்தத் தொகுதியில் அன்றைய ஜொகூர் மந்திரி பெசார் அப்துல் கனி ஒஸ்மானை எதிர்க்கட்சியின் லிம் கிட் சியாங் 14,762 வாக்குகளில் தோற்கடித்தபோது நாட்டின் கேமராக்கள் அத்தனையும் இங்கேதான் நின்றன. பிறகு தொகுதியின் பெயரே இஸ்கண்டார் புத்ரி ஆகிவிட்டது. கேமராக்கள் போய்விட்டன. இடுப்புவலி மட்டும் பெயர் மாற்றாமல் இங்கேயே குடியிருக்கிறது.

வலி இருக்கிற இடத்தில் கடை முளைக்கும். அதைக் குறை சொல்ல முடியாது. கடை முளைத்தால் அரசாங்கம் முளைக்கும். அங்கேதான் கூத்து ஆரம்பம்.

உங்களுக்கு இருப்பது ஒரே முதுகு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். இல்லை. மலேசியச் சட்டத்தின் முன் அது குறைந்தது ஐந்து முதுகு. நோய் தீர்க்க உருவினால் அது சுகாதார அமைச்சின் முதுகு. 2016ஆம் ஆண்டின் 775ஆம் சட்டம், பாரம்பரிய மருத்துவச் சட்டம், அதைப் பார்த்துக்கொள்ளும். மலாய், சீன, இந்திய மருத்துவம், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவம் என்று ஏழு பிரிவு உண்டு. பதிவும் உண்டு. அலுப்புத் தீர உருவினால் அது மாநகர் மன்றத்தின் முதுகு, வணிக லைசென்ஸ் போதும். சுற்றுப்பயணி முதுகாக இருந்தால் சுற்றுலா அமைச்சு ஸ்பாவுக்கு நட்சத்திரம் குத்தும். உருவுகிறவருக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று யாருக்காவது தோன்றிவிட்டால் அது மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறைக்குப் போகும். உருவுகிறவர் வெளிநாட்டுப் பெண்ணாக இருந்துவிட்டால் முதுகையே மறந்துவிடலாம், அது குடிநுழைவுத் துறையின் கோப்பு.

இப்போது உங்களுக்கு உருவியபோது கை மரத்துப்போனது என்று வையுங்கள். எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? உருவியது மருத்துவமா, அலுப்புத் தீர்ப்பா என்று முதலில் நீங்கள் நிரூபிக்க வேண்டும். கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "நாங்க வைத்தியம் பாக்கறதில்லீங்க அண்ணே, சும்மா ரிலாக்ஸ்தான்." வாசலில் 'முதுகுவலி, பக்கவாதம், மூட்டுவலிக்கு' என்று எழுதியிருப்பது யாரோ அச்சுக்கடைக்காரன் செய்த தவறு. அந்தப் பலகை ஒன்றுதான் முறையாகச் சோதிக்கப்பட்டது. அதில் இருக்கும் மலாய் மொழி சரியா என்று டேவான் பஹாசா டான் புஸ்தாகா பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்கும். எழுத்துப் பிழை இல்லாமல் இடுப்பு ஒடியலாம்.

உள்ளூராட்சி மன்றங்கள் கேட்கும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன், அநியாயமாகப் பேசக்கூடாது. கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விளக்கு மங்கலா பிரகாசமா, அறைக்கு அறை தடுப்பு எவ்வளவு உயரம், எத்தனை மணிக்குக் கடை அடைக்கிறீர்கள், ஆணுக்கு ஆணா பெண்ணுக்குப் பெண்ணா, எல்லாம் கேட்பார்கள். பயிற்சிச் சான்றிதழ் கேட்கிற இடங்களிலும் எந்தச் சான்றிதழ், எத்தனை மணி நேரப் பயிற்சி, யார் பக்கத்தில் நின்று கையைப் பார்த்துத் தேர்வு வைத்தார் என்ற கேள்வி எழுவதில்லை. ஒரு தாளில் ஒரு முத்திரை, சட்டத்துக்குள் ஒரு படம், முடிந்தது. ஆக, லைசென்ஸ் வாங்குவது கதவு. லைசென்ஸ் வாங்குவது விளக்கு. கை இன்னும் வரிசையிலேயே நிற்கவில்லை.

நாம் நாளிதழில் படிக்கும் மசாஜ் கடை ரெய்டுச் செய்தியை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். எத்தனை பெண்கள், எந்த நாடு, எத்தனை அறை, ஆணுறை கிடைத்ததா, லைசென்ஸ் காலாவதியா. படத்தில் பெண்கள் வரிசையாகக் குந்தி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருப்பார்கள். 'இவர்களில் எத்தனை பேர் முறையாகப் பயின்றவர்கள்' என்று ஒரு வரி? நான் இதுவரை படித்ததில்லை. எழுதுகிறவருக்கும் தோன்றவில்லை, பேட்டி கொடுக்கிற அதிகாரிக்கும் தோன்றவில்லை, தே தாரிக் குடித்துக்கொண்டே படிக்கிற நமக்கும் தோன்றவில்லை. தொடுவது என்றாலே நமக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வருகிறது. அந்த அசிங்கம் அந்தப் பெண்ணின் துண்டுக்குப் பின்னால் இருப்பதாக எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

அந்தப் படத்தில் முதலாளி இருக்க மாட்டார். அவர் எப்போதும் 'வெளியே போயிருந்தார்'. பெண்ணின் பாஸ்போர்ட் அவர் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கும். அடுத்தவர் பாஸ்போர்ட்டை அதிகாரமின்றி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படிக் குற்றம். 'ரெஸ்டாரன் வேலை' என்று சொல்லிக் கூட்டிவந்து, டிக்கெட் காசு, ஏஜென்ட் காசு, தங்குமிடக் காசு என்று கழுத்துவரை கடனேற்றி, 'பயிற்சிக் கட்டணம்' என்று அதற்கு மேலும் ஒரு வரி எழுதுவார்கள். பயிற்சி என்னவென்று கேட்காதீர்கள். முதல் வாரம் துண்டு துவைப்பது. இரண்டாம் வாரம் கைப்பேசியில் காணொளி பார்ப்பது. மூன்றாம் வாரம் சட்டையில் 'சீனியர் தெரபிஸ்ட்' என்று பெயர்த்துண்டு. இதைத்தான் இங்கே தொழில் பழகுதல் என்கிறார்கள்.

ஆனால் காகிதத்தில் நம்மிடம் என்ன குறை? ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் பட்டறையிலேயே தொழிலைக் கற்றுக்கொடுக்கிறார்களே, அந்த முறையைப் பார்த்து 2005இல் எஸ்எல்டிஎன் என்று ஒரு இரட்டைப் பயிற்சித் திட்டம் தொடங்கினார்கள். எழுபது எண்பது விழுக்காடு வேலையிடத்தில், மீதி வகுப்பறையில். 2006இல் திறன் மேம்பாட்டுக்கென்றே 652ஆம் சட்டம் வந்தது. தொழிலுக்குத் தொழில் தேசியத் தர வரையறை, எஸ்கேஎம் என்ற சான்றிதழில் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை. ஸ்பா வேலைக்கும் உண்டு. அதைப் படித்து, ஒழுங்காகப் பயின்று வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் வேலை தேடிப் போனால் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிற?" இரண்டாவது கேள்வி கிடையாது. படிக்காத கைக்கும் படித்த கைக்கும் வாடிக்கையாளர் ஒரே காசு கொடுக்கும்போது படித்த கையை யார் வைத்துக்கொள்வார்? சான்றிதழ் இல்லாமலே நடத்தலாம் என்று ஒரு தொழிலை விட்டுவிட்டு, சான்றிதழ் எடுக்க ஆள் வரவில்லை என்று கருத்தரங்கு வேறு நடத்துகிறோம்.

பயிற்சி என்ன பெரிய பயிற்சி, எண்ணெய் தடவித் தேய்ப்பதுதானே என்கிறவர்களுக்காக ஒரு காட்சி. இது நான் கண்ணால் பார்த்தது, கடையின் பெயர் வேண்டாம். சுவரில் பாதத்தின் படம், பெருவிரலில் மூளை, குதிகாலில் கருப்பை. கீழே வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். பக்கத்து நாற்காலியில் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர். மகன் சம்பளம் வாங்கிய சந்தோஷத்தில் அப்பாவைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு வெளியே போயிருந்தான். பெண் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து பெரியவரின் காலை உள்ளே வைத்தாள். அவளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பெரியவர் அசையவே இல்லை. "பானாஸ் கா, அங்கிள்?" சூடா என்று கேட்டாள். "தாக் அப்பா, தாக் அப்பா" என்று அவர் சிரித்தார். பரவாயில்லையாம். அவர் பொறுமைசாலி என்று அவள் நினைத்தாள். அவருக்குக் காலில் உணர்ச்சியே இல்லை. இனிப்புநீர். இடது கால் சுண்டுவிரல் ஏற்கெனவே இல்லை. அது ஏன் இல்லை என்று கேட்க வேண்டும் என்பது யாரும் அவளுக்குச் சொல்லித்தராத பாடம். நான் எழுந்து தண்ணீரை மாற்றச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போய் மன்னிப்புக் கேட்டாள், என்னிடமில்லை, அந்தப் பெரியவரிடம். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை அந்த வாளியோடு அங்கே நிறுத்திவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் மேல் இருக்கிறது. அந்தக் கல்லாவுக்கு மேல் சட்டம் போட்டுத் தொங்கிய காகிதத்தைக் கொடுத்தவர்கள் மேல் அதைவிட அதிகம் இருக்கிறது.

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே இன்னும் அதிகம். அப்படியானால் கால் பிடிக்கும் கடையில் ஆறு நாற்காலி இருந்தால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கணக்காக லோரி ஓட்டிய ஒருவரின் ஒற்றைக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது சதைப்பிடிப்பாக இல்லாமல் நாளத்தில் உறைந்த இரத்தமாக இருக்கலாம். அதை அழுத்தி உருவினால் கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போகலாம். கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பதில் பலருக்கும் ஒரு பரவசம். எலும்போடு ஏறி மூளைக்குப் போகும் தமனி அந்தச் சொடுக்கில் கிழிந்து பக்கவாதத்தில் போய் முடிந்தவை அரிது, ஆனால் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. இரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்து சாப்பிடுகிறவரை ஆழமாக அழுத்தக் கூடாது. இதையெல்லாம் கற்றுக்கொள்ள மேதை தேவையில்லை, சில மாதங்கள் தேவை. தொடத் தெரிவதற்கு முன் தொடக்கூடாத இடம் தெரிய வேண்டும். நம் கடைகளில் முதலில் கற்றுக்கொடுப்பது பாக்கேஜ் விற்பது: பத்து முறைக்குக் காசு கட்டினால் ஒரு முறை இலவசம்.

நியூயார்க் மாநிலத்தில் ஆயிரம் மணி நேரம் படித்தால்தான் மசாஜ் லைசென்ஸ். ஜப்பானில் மூன்று ஆண்டுப் படிப்பு, அதன்பின் தேசியத் தேர்வு. 1947லிருந்து அதற்கென்றே சட்டம் உண்டு. அந்த ஊரில் பதினேழாம் நூற்றாண்டிலேயே சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்றவர், பார்வையற்றோர் அம்மாவும் அக்குபங்சரும் படிக்கப் பள்ளி திறந்தார் (அம்மா என்றால் ஜப்பானிய உருவு முறை, நம் அம்மா அல்ல). தாய்லாந்து வாட் போ கோயிலில் பள்ளி வைத்துச் சொல்லிக்கொடுத்து, 2019இல் தன் உருவுக் கலையை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரோ தனிச் சட்டமே வைத்திருக்கிறது, கடையைக் கண்காணிப்பது போலீஸ். போலீஸ் முதுகெலும்பைப் பற்றி என்ன கண்டது என்று கேட்காதீர்கள், அவர்களும் நம் சொந்தக்காரர்கள்தான்.

எங்கோ போவானேன். பிரிக்பீல்ட்ஸுக்குப் போங்கள். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அதன் கர்னி பயிற்சி மையமும் அங்கேதான். பார்வையற்றோர் கைத்தொழிலாக உருவுதலைப் பயின்று, அந்தத் தெருக்களில் கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்க்காத உடம்பை விரலால் பாடம் பண்ணியவர்கள். நாட்டில் உருவுதலை ஒரு தொழிலாக மதித்து முதலில் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களில் அவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைத்த பரிசு, பயிற்சியே இல்லாத கைகளோடு விலைப் போட்டி. அந்தத் தெருவுக்கு லிட்டில் இந்தியா என்று பெயர் சூட்டி 2010இல் இரண்டு பிரதமர்கள் வந்து திறந்துவைத்தார்கள், நீரூற்று வைத்தார்கள். நல்ல நீரூற்று. அங்கே தொழில் செய்கிறவர்களால் அதைப் பார்க்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கிறது. நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பிந்தைய சிகிச்சைக்கும் அங்கே மலாய் உருவு உண்டு. ஆக, உருவுதல் மருத்துவம்தான் என்று அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரியும். மருத்துவமனைக்குள் தெரிந்தது கடைவீட்டு மாடிப்படியில் மறந்துபோகிறது.

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டு நம் ஆட்களை விட்டுவிட்டால் அது பாவம். நம் மேடைகளில் வெற்றிலை மென்றுகொண்டே சொல்வார்கள், "தேரையர் ஒன்பது வகைத் தொக்கணம் சொல்லியிருக்கிறார்!" உண்மைதான், தொக்கணம் என்றால் சித்த மருத்துவ உருவு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். கைதட்டல் பத்தாவது வகை, அதை நாம் சேர்த்துக்கொண்டோம். அந்த ஒன்பதையும் ஒழுங்காகப் பழக்கி, தேர்வு வைத்து, இருபது பிள்ளைகளை வெளியே அனுப்ப ஒரு கூடம் வையுங்கள் என்றால் தலைவர் மாலையைக் கழற்றிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுவார். வார இறுதியில் இரண்டு நாள் வகுப்பு, மதிய உணவு, படம், 'ஆயுர்வேத தெரபிஸ்ட்' என்று பொன்னிற எழுத்தில் ஒரு தாள் என்றால் மட்டும் அவரே வந்து எடுத்துக் கொடுப்பார்.

வேரைத் தோண்டினால் இன்னும் நாறும். நம் ஊர்களில் உடம்பைப் பிடித்தவர் யார்? முடி திருத்தியவர், கட்டியை அறுத்தவர், சுளுக்கு எடுத்தவர். அவர் வீட்டுப் பெண்தான் பிரசவம் பார்த்தாள். மருத்துவர் என்ற பெயர் இருந்தும் தெருக்கோடியில் குடிவைத்தோம். பிள்ளையை முதலில் தொட்டுத் தூக்கியவளை அப்புறம் வீட்டுக்குள் விடவில்லை. அந்தப் புத்தியை மூட்டை கட்டிக் கப்பலேற்றித் தோட்டத்துக்கும் கொண்டுவந்தோம். லயத்தில் கோடாலித் தைலக் குப்பியோடு வந்து பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டி, தடவி, நீவிவிட்ட ஆயாவுக்குக் கொடுத்தது இரண்டு வெள்ளியும் வெற்றிலையும். அவர் தெரிந்துவைத்திருந்ததை எழுதிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. தோட்டம் வீடமைப்பு ஆனது, ஆயா போய்ச் சேர்ந்தார், வித்தையும் போய்ச் சேர்ந்தது. இப்போது அதே வித்தைக்குப் பாலித்தீவுப் பெயர் போட்டு, பூ மிதக்கிற கிண்ணம் வைத்து, நாமே காசு கொடுத்துக் கண்ணை மூடிப் படுத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டிலும் பார்வை இதே பார்வைதான். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், மசாஜ் நிலையங்களில் எல்லாம் சிசிடிவி பொருத்த வேண்டும் என்றார். அடுத்த மாதமே மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அது அந்தரங்க உரிமையில் கை வைப்பது என்று மாறுபட்டார். ஒருவர் கேமரா வை என்றார், ஒருவர் வைக்காதே என்றார். உள்ளே படுத்திருக்கிறவரின் கழுத்து நரம்பு இரண்டு தீர்ப்பிலும் வழக்காடவில்லை.

சரி, திட்டிக்கொண்டே இருந்தால் தீர்வு சொல்லத் தெரியாதவன் என்பார்கள். ஒரு யோசனை சொல்கிறேன், மாநகர் மன்றம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

தொழில் பழகுகிறவருக்குப் பழக ஒரு முதுகு வேண்டும். இன்று அந்த முதுகு வாடிக்கையாளருடையது, அதற்கு அவரே காசும் கொடுக்கிறார். இது அநியாயம். இனிமேல் ஒவ்வொரு மாதமும் மன்றக் கூட்டம் முடிந்ததும் மண்டபத்தில் பாய் விரிக்கப்படும். புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்கள், மூன்றாம் வாரச் 'சீனியர்' உட்பட, வரிசையாக நிற்பார்கள். மன்ற உறுப்பினர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுக்க வேண்டும். லைசென்ஸ் பிரிவுக்குக் கால்கள் ஒதுக்கப்படும், வெந்நீர் வாளியோடு. இனிப்புநீர் உள்ளவர்கள் முன் வரிசைக்கு வரலாம், அவர்களிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், கடையிலும் கேட்பதில்லை. சான்றிதழ் விற்றவர்களின் இடுப்பு. பாஸ்போர்ட் பூட்டிவைத்தவருக்கு விசேஷமாகத் தொக்கணம் ஒன்பதும், முறுக்கல் இரண்டு முறை. நட்சத்திரம் குத்த வந்த அமைச்சு அதிகாரிகளுக்குத் தோள். ஒன்பது வகை பேசிய தலைவருக்கு வாய் தவிர எந்த இடமும். எல்லாரும் மறுநாள் காலை தாமாக எழுந்து நடந்து வேலைக்கு வந்துவிட்டால் அந்தக் கைகளுக்கு லைசென்ஸ் கொடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கழுத்தை மட்டும் யாருக்கும் பங்கு வைக்கக் கூடாது. அது அனுமதிக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு.